சும்மா இருக்கும் வலிமை

உடலின் வலிமைக்கு ஆன்ம வாழ்வில் இடம் உண்டா, அல்லது அது கடந்துபோக வேண்டிய தடையா என்னும் கேள்வி தமிழ்ச் சமய மரபில் மிகப் பழையது. உடம்பைப் புழுக்கூடென்றும் ஓட்டைப் பாண்டமென்றும் இகழ்ந்த குரல்களும், அதே உடம்பை இறைவன் குடிகொண்ட கோயிலென்று போற்றிய குரல்களும் ஒரே மரபுக்குள்ளிருந்துதான் எழுந்திருக்கின்றன. இக்கேள்வியை உடல் முழுவதற்கும் பொதுவாகக் கேட்டால் விடை பொத்தாம்பொதுவாகப் போய்விடுகிறது. ஆகவே தலையையும் கைகால்களையும் நீக்கியபின் எஞ்சும் பகுதியை, அதாவது மார்பு, வயிறு, விலா, முதுகு, இடுப்பு ஆகியவை சேர்ந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் வலிமை எத்தகையது, அது யாருடையது, எதற்காக என்று கேட்பது பயன் தரும். அப்பகுதிக்கு இன்றைய தமிழில் இயல்பான பெயர் இல்லை. 'முண்டம்' என்ற பழஞ்சொல் வசையாகிவிட்டது, 'உடற்பகுதி' என்பது எப்பகுதிக்கும் பொருந்தும். இங்கே அது நடுவுடல் எனப்படும்.

நடுவுடலின் வலிமை ஜூடோ என்னும் மற்கலையில் வெளிப்படுவதுபோல் வேறெங்கும் அவ்வளவு தெளிவாக வெளிப்படுவதில்லை. அந்த வலிமையைச் சிந்திப்பதற்கு வேண்டிய கருவிகளோ, காவிரிப் படுகையின் தென்கிழக்கு முனையில், கடலும் உப்பளமும் சூழ்ந்த வேதாரண்யத்தில், அதாவது தேவாரம் பாடிய திருமறைக்காட்டில், வியப்பூட்டும் அளவுக்குக் குவிந்து கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே வரலாற்று உறவு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே கிழக்காசியப் போர்க்கலைகளுக்கெல்லாம் மூலவர் என்று தமிழர் பலர் பெருமையோடு நம்புகின்றனர். ஜூடோவைப் பொறுத்தவரை அதற்குச் சான்று இல்லை, அந்தப் பெருமை இல்லாமலே இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்கப் போதுமானவை.

ஜூடோவை வகுத்தவர் கானோ ஜிகோரோ (1860–1938). 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் பௌத்தக் கோயிலில், 12 பாய்கள் விரித்த சிறு இடத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு அவர் தொடங்கிய பயிலகமே கோதோகான். பழைய ஜுஜுத்சு மல்வகைகளிலிருந்து உயிருக்கு ஊறு செய்யும் பிடிகளை விலக்கி, எஞ்சியவற்றை ஒரு வாழ்க்கை நெறியாக்க முயன்ற அவர், கலை என்று பொருள்படும் 'ஜுத்சு' என்ற சொல்லுக்குப் பதிலாக வழி என்று பொருள்படும் 'தோ' என்பதை வைத்தார். 'ஜூ' என்றால் இணக்கம், இளகித் தருதல். எதிரி தள்ளும்போது எதிர்த்துத் தள்ளாமல் அந்தத் தள்ளுதலையே ஏற்றுத் திருப்பிவிடுதல் அதன் அடிப்படை. இரவீந்திரநாதர் 1929இல் தகாகாகி ஷின்ஸோ என்னும் ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து மாணவருக்குப் பயிற்சி தரச் செய்ததும் இந்நெறியை அவர் கல்வியின் பகுதியாகக் கண்டதனால்தான்.

ஜூடோவின் ஓர் எறிதலை அருகிலிருந்து பார்த்தால் நடுவுடலின் வேலை விளங்கும். எறிபவர் முதலில் எதிரியின் சட்டைக் கழுத்தையும் கைப்பட்டையையும் பற்றி இழுத்து அவரைக் கால்விரல் நுனிக்குக் கொண்டுவருகிறார். இது குசுஷி, அதாவது நிலைகுலைத்தல். அடுத்து, தாமே சுழன்று முதுகை எதிரியின் மார்புக்குக் கொடுத்து, முழங்கால் மடக்கி, அவருடைய இடுப்புக்குக் கீழே தம் இடுப்பைச் செருகுகிறார். இது த்சுகுரி, பொருந்துதல். கடைசியாக முழங்காலை நிமிர்த்திக்கொண்டே முன்னால் வளைந்து திரும்ப, எதிரி தோள்மேல் உருண்டு பாயில் விழுகிறார். இது காகே, எறிதல். மூன்றும் சேர்ந்து ஓரிரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் பார்ப்பவர் கண்ணுக்குக் கை இழுத்ததும் எதிரி விழுந்ததும் மட்டுமே தெரிகின்றன. உண்மையில் தரையை மிதித்த காலில் பிறக்கும் விசை இடுப்பைக் கடந்து, விலாவையும் முதுகையும் கடந்து, தோள்வழியே கைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் நடுவுடல் தொய்ந்தால் விசை அங்கேயே கரைந்துவிடும். வரப்பில் நண்டு வளை இருந்தால் மடையில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் கடைவயலுக்குப் போய்ச் சேராது என்பது காவிரிப் படுகை உழவர் எவருக்கும் தெரியும்; நடுவுடல் தொய்ந்த மல்லனின் நிலையும் அதுவே.

இந்த வரப்பு எதனால் ஆனது என்பதை உடற்கூற்றியல் விளக்குகிறது. விலா எலும்புக்கூட்டுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே முன்வயிற்றில் நெட்டாக ஓடும் நேர்தசை உடலை முன்னே வளைக்கிறது. இருபுற விலாவிலும் எதிரெதிர்ச் சாய்வாக ஓடும் சாய்தசைகள் உடலைத் திருப்புகின்றன. முதுகுத்தண்டின் இருமருங்கும் ஓடும் நீள்தசைகள் நிமிர்த்துகின்றன. இடுப்பெலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவே உள்ள நாற்கரத்தசை பக்கவாட்டில் சாய்க்கவும் சாயாமல் பிடிக்கவும் உதவுகிறது. இவற்றுக்கெல்லாம் உள்ளே, அரைக்கச்சை சுற்றியதுபோல் வயிற்றைச் சூழ்ந்திருக்கும் குறுக்குத்தசையோ உடலை முன்னேயும் பின்னேயும் வளைப்பதில்லை. இறுக்கிப் பிடிப்பதே அதன் தலையாய வேலை. அது இறுக, மேலே மூச்சை இயக்கும் உதரவிதானமும் கீழே இடுப்புத்தளத் தசைகளும் உடன் இறுக, வயிற்றறைக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது. ஜப்பானியக் கல்லூரி மல்யுத்த வீரரையும் ஜூடோ வீரரையும் காந்த அதிர்வுப் படங்களால் ஒப்பிட்டு 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, மல்யுத்த வீரரிடம் நேர்தசையும் ஜூடோ வீரரிடம் சாய்தசைகளும் நாற்கரத்தசையும் மேலோங்கியிருப்பதைக் காட்டியது. எந்த வேலையை ஏற்கிறதோ அந்த வேலையின் வடிவத்தையே நடுவுடல் எடுத்துக்கொள்கிறது என்பது அதன் பொருள்.

இங்கே மெய்யியலுக்குரிய செய்தி ஒன்று உண்டு. கைகால்களின் வலிமை பெரும்பாலும் அசைப்பதில் இருக்கிறது. நடுவுடலின் வலிமையில் பெரும்பங்கு அசையாதிருப்பதில் இருக்கிறது. தசை சுருங்கியும் உறுப்பு இடம் மாறாதிருக்கும் இந்நிலையை நிலைச்சுருக்கம் எனலாம். அசைவில்லாமையால் அது வெளியே தெரிவதில்லை; ஆனால் அது இல்லாதபோது எந்த அசைவும் நிறைவேறுவதில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் இதை இன்னும் ஓர் அடி உள்ளே கொண்டுசென்றன. நின்றுகொண்டிருக்கும் ஒருவரைக் கையை விரைந்து உயர்த்தச் சொல்லித் தசைகளின் மின்னசைவை அளந்தபோது, கையை உயர்த்தும் தோள்தசைக்கு முன்பே வயிற்றின் குறுக்குத்தசை இறுகிவிட்டிருந்தது. நெடுநாள் முதுகுவலி உள்ளவர்களிடம் அம்முன்னேற்பாடு தாமதித்தது. அந்த ஒரு தசைக்கே அளவுகடந்த முதன்மை தரக்கூடாது என்று பின்வந்த ஆய்வாளர்கள் வாதிட்டிருப்பினும், உறுப்புகளின் அசைவுக்கு முன்னதாகவே நடுவுடல் அதற்கு இடம் அமைத்துத் தருகிறது என்னும் பொதுக்கருத்து நிலைத்திருக்கிறது. ஆக, 'என் கையை நான் உயர்த்தினேன்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் அறியாத, அவர் ஏவாத ஒன்று அவருக்கு முன்பே எழுந்து நின்றிருக்கிறது. செய்பவர் யார் என்ற பழைய கேள்வி இங்கே உடலுக்குள்ளிருந்தே எழுகிறது.

இக்கேள்வியைச் சுமந்தபடி தாயுமானவரிடம் வரலாம். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அவருடைய குடும்பம் திருமறைக்காட்டுக்குரியது. தந்தை கேடிலியப்ப பிள்ளை திருச்சிராப்பள்ளி நாயக்க அரசில் பணியேற்றதால் தாயுமானவரும் முதலில் அரசுப்பணியில் இருந்தார், பின்னர் துறவு பூண்டார். மௌனகுரு என்னும் ஆசிரியரிடம் அவர் பெற்ற உபதேசத்தின் சாரம் 'சும்மா இருத்தல்'. அவருடைய தேசோமயானந்தப் பகுதியில் ஒரு பாடல் யானை, கரடி, புலி, சிங்கம், பாம்பு என்று விலங்குகளை அடக்கும் ஆற்றலில் தொடங்கி, நீர்மேலும் நெருப்பிலும் இருக்கும் சித்துவரை ஒவ்வொன்றாக அடுக்கி, அவையெல்லாம் கைகூடக்கூடியவையே என்று ஒப்புக்கொண்டு, மனத்தை அடக்கிச் சும்மா இருக்கும் திறமோ அவை எல்லாவற்றினும் அரிது என்று முடிகிறது. வலிமையின் பட்டியல் ஒன்றை இவ்வளவு நீளமாகத் தந்து, அதன் உச்சியில் ஓர் அசைவின்மையை வைத்தது சாதாரணச் செயலன்று.

'சும்மா' என்ற சொல்லுக்கு அன்றாட வழக்கில் வேலையின்றி, காரணமின்றி, விலையின்றி என்றெல்லாம் பொருள் இருப்பதால், சும்மா இருத்தலைச் சோம்பலாகவும் செயலிழப்பாகவும் கொள்வது எளிது. அப்படிக் கொண்டு தாயுமானவரை உலகைக் கைவிடச் சொன்னவராகப் படித்தோரும் உண்டு. நடுவுடலின் இயல்பைக் கண்டபின் அந்தப் படிப்பு நிற்காது. தளர்ந்து கிடக்கும் உடல் சும்மா இருப்பதில்லை, விழுந்து கிடக்கிறது. எதிரி இழுக்கும்போது பாயின்மீது நிற்கும் ஜூடோ வீரர்தான், அசைவில்லாமலும் முழு விழிப்போடும், எத்திசைக்கும் திரும்பத்தக்கவராகச் சும்மா இருக்கிறார். விறைத்து நிற்பவரை எறிவது எளிது என்பதை ஜூடோ பயின்ற குழந்தையும் அறியும்; தொய்ந்து நிற்பவரை எறிவது அதைவிட எளிது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள நிலை சராசரி இறுக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. அது தனக்கென எதையும் செய்யாமல், பிறவற்றின் செயலுக்கு இடம் கொடுக்கும் வலிமை.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். தாயுமானவர் சொன்னது மனத்தின் அடக்கம், தசையின் இறுக்கமன்று. இரண்டையும் ஒன்றாக்குவது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்பது அத்தடை. அதில் உண்மை இருக்கிறது. நடுவுடல் வலுத்தவரெல்லாம் மனம் அடங்கியவர் என்று எவரும் சொல்லத் துணியார். ஆயினும் சைவ சித்தாந்தம் உடலையும் மனத்தையும் முற்றாக வேறு உலகங்களில் வைக்கவில்லை. உயிருக்கு இறைவன் கூட்டித் தருபவை தனு, கரணம், புவனம், போகம் என நான்கு என்று அது கூறும். தனு என்பது உடல், கரணம் என்பது மனம் முதலிய அகக்கருவிகள், புவனம் என்பது வாழும் உலகம், போகம் என்பது நுகர்பொருள். நான்கும் மாயை என்னும் ஒரே மூலப்பொருளிலிருந்து தோன்றியவை. நான்கும் ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, விடியும்வரை உதவும் விளக்கைப்போல் அருளப்பட்டவை. அந்நோக்கில் மனம் உயர்ந்த சரக்கும் உடல் தாழ்ந்த சரக்கும் அல்ல. இரண்டும் கருவிகளே, இரண்டும் இரவலே. காவிரிக்கரையில் திருவாவடுதுறையில் இருந்து திருமந்திரம் அருளிய திருமூலர், முன்பு உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததையும் அதற்குள்ளே உறுபொருளைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதையும் தம் கூற்றாகவே பதிவு செய்திருக்கிறார். மூலன் என்னும் இடையனின் உடலில் புகுந்து வாழ்ந்தவராக மரபு அவரைச் சொல்வதை எண்ணினால், இரவல் உடலைப் பற்றிப் பேச அவரைவிடத் தகுதியுடையவர் இல்லை எனலாம்.

வலிமை இரவல் என்பதை மறந்தவனின் கதையையும் ஒரு திருமறைக்காட்டுப் புலவரே பாடினார். பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தின் 27ஆவது படலமாகிய அங்கம் வெட்டின படலத்தில், மதுரைக்கு வந்த முதிய வாளாசிரியர் ஒருவரிடம் சித்தன் என்பவன் வித்தை கற்கிறான்; விரைவில் தேறி, ஆசிரியருக்குப் போட்டியாகத் தானே பயிற்சிக்கூடம் வைத்து, அவர் வருவாயைப் பறித்து, கடைசியில் அவர் மனைவியையே பற்றத் துணிகிறான். அவள் சொக்கநாதரை வேண்ட, இறைவன் அந்த முதிய ஆசிரியரின் உருவிலேயே வந்து அவனைப் போருக்கழைத்து, தவறு செய்த உறுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி வீழ்த்துகிறான். இறைவன் இளைய வீரனாக வராமல் தளர்ந்த உடலோடு வந்தது நெஞ்சில் தைக்கும் செய்தி. யாருடைய உடலைச் சித்தன் ஏளனமாக மதித்தானோ அதே உடல் அவனை வென்றது. கானோ தம் நெறியின் முடிவாக வைத்த கருத்தும் இதற்கு நெருங்கியது: ஆற்றலை மிகப் பயனுள்ள வழியில் செலவிடுதல், தானும் பிறரும் சேர்ந்து வளம்பெறுதல். ஜூடோவில் முதற்பாடம் எறிவதன்று, விழுவது. எறிபவர் எதிரியின் கைப்பட்டையைக் கடைசிவரை விடாமல் பிடித்து, அவர் தலை தரையில் மோதாமல் காக்கிறார். அந்தப் பிடிக்கு வேண்டிய உறுதியும் நடுவுடலிலிருந்தே வருகிறது. விழுபவரைத் தாங்க முடியாத வலிமையைக் கலை என்று ஜூடோ ஏற்பதில்லை.

2024 செப்டம்பர் 5 அன்று பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில் கபில் பர்மார் 60 கிலோ எடைப்பிரிவில் வெண்கலம் வென்று, ஜூடோவில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் பதக்கத்தைப் பெற்றபோது வெளிப்பட்டது இன்னொரு பரிமாணம். பார்வை மிகக் குன்றியோருக்கான அப்பிரிவில் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிய நிலையிலேயே ஆட்டம் தொடங்கும். எதிரியின் எண்ணம் சட்டைத் துணியின் வழியே கைக்கும், கையின் வழியே நடுவுடலுக்கும் வந்து சேர்கிறது. ஐம்பொறிகளை எண்ணும்போது தமிழ் தோல் என்று சொல்லாமல் மெய் என்று சொல்கிறது; மொத்த உடலே ஓர் அறிகருவி என்ற அந்த எண்ணத்துக்கு இதைவிடச் சான்று தேட வேண்டியதில்லை. அறிவதற்கு முதலில் அமைதியாக இருக்க வேண்டும். ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும் உடல் தன் தள்ளலைத் தவிர வேறெதையும் உணராது.

வேதாரண்யத்தின் அண்மை வரலாறு இவ்விவாதத்தில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு சத்தியாகிரக அணி, படுகை வழியே ஏறக்குறைய 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் அடைந்தது. 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டார். அவருக்கு அப்போது 51 வயது. ஆஸ்துமாவால் வருந்திய மெலிந்த உடல். பின்னர் தொண்டர்கள் உப்பை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ள, காவலர் அந்த மூடிய கைகளின்மேல் தடியால் அடித்தனர். அடி விழுந்தும் கை திறக்கவில்லை, திருப்பி ஓங்கவும் இல்லை. ஜூடோ வீரர் இளகித் தருவது வெல்வதற்காக. எதிரியின் விசையைத் தன் வசமாக்கி அவரையே வீழ்த்துகிறார். சத்தியாகிரகியோ இளகவும் இல்லை, வீழ்த்தவும் இல்லை. இவ்விரண்டில் உயர்ந்தது எது என்று கேட்டால், சத்தியாகிரகியின் நிலையே என்று தயங்காமல் சொல்லலாம். ஏனெனில் விசையைத் திருப்பியடிக்கும் வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தபின் எஞ்சுவது தாங்கும் வலிமை ஒன்றே, அதுவே நடுவுடலின் வலிமைக்கு மிக அணுக்கமானது. தசை அளவில் அவர்கள் மெலிந்தவர்கள்தாம். அப்படியிருந்தும் குனிந்து உட்கார்ந்து, மூச்சை அடக்கி, வயிறும் முதுகும் இறுகக் கையை மூடிக்கொண்ட ஒவ்வோர் உடலும் அந்த வேளையில் செய்தது, வலிமையை வெளியே காட்டாமல் உள்ளே நிறுத்தியதே.

திருமறைக்காட்டுக் கோயிலில் வேதங்கள் பூசித்துப் பூட்டியதாகச் சொல்லப்படும் கதவைத் திறக்க அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அதை அடைக்கச் சம்பந்தருக்கு முதற்பாட்டே போதுமானதாயிற்று. தாம் அரிதில் பாடித் திறந்ததையும் இளையவர் எளிதில் அடைத்ததையும் எண்ணி அப்பர் வருந்தியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. உழைப்பாளிக்கு வரும் அந்த வருத்தத்தை மறைக்காமல் சொன்னது சேக்கிழாரின் நேர்மை. அதே அப்பர் முதுமையில் கயிலையை நோக்கிச் சென்றபோது, கால்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகளும் கரைந்தன, மார்பினால் நகர்ந்தார். மார்பும் நைந்தது, உடலால் புரண்டார். பிறகே இறைவன் அவரைத் தடுத்துப் பொய்கையில் மூழ்கச் சொல்லி, காவிரிக்கரையில் திருவையாற்றில் கயிலைக் காட்சியைத் தந்தான். கையும் காலும் போனபின் எஞ்சிய நடுவுடல் கொண்டே ஓர் அடியவர் இறைவனை நோக்கி நகர்ந்தார் என்று சொல்லும் மரபு, உடல் வலிமையை ஆன்ம வாழ்வின் பகையாகக் கருதியிருக்க முடியாது.

ஆயின் கடைசியாக ஒன்று எஞ்சுகிறது. சும்மா இருப்பதற்கும் வாய்ப்பு வேண்டும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குச் செல்லும் சாலையில் அகத்தியம்பள்ளியின் உப்புப் பாத்திகளில், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியலுக்கு முன்பே இறங்கும் ஆண்களும் பெண்களும், நீண்ட பிடி வைத்த பலகையால் நீருக்கடியில் படிந்த உப்பை இழுக்கிறார்கள். கால் உவர்நீரில் ஊன்றியிருக்க, இடுப்பு பின்வாங்க, விலா ஒருபுறம் திரும்ப, பலகை கரையை நோக்கி வருகிறது. ஜூடோ வீரரின் இழுப்பில் உள்ள அதே தசைகள், அதே வரிசையில். வீரருக்குப் பயிற்சிக்குப் பின் ஓய்வும், வலிக்கு மருத்துவரும், தசையை அளக்கக் கருவியும் உண்டு. பாத்தியில் நிற்பவருக்குப் பலகையை அடுத்த முறை எறிவது மட்டுமே உண்டு. கோயிலில் மறைக்கதவைத் தொழுது, அகத்தியம்பள்ளியில் சத்தியாகிரக நினைவுத்தூணையும் கண்டு திரும்புவோர், சற்று நின்று அந்த முதுகுகளையும் பார்க்க வேண்டும். அவற்றுக்கு உரிய ஓய்வையும் மருத்துவத்தையும் கூலியையும் கேட்பதிலும் சேர வேண்டும்.